நாலு டயரில் மூன்றாவது வீடு

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பெற்றவன் வாழ்நாள் முழுக்க வீடு கட்டுவான். கடைசியில் தனக்கு இருக்க வீடில்லாமல் நிற்பான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மட்டக்களப்பில் வீடு மகளுக்குப் போகும், மருமகன் பெட்டியோடு வந்து சேர்வான், தாய் தகப்பன் அதே வீட்டு வளவுக்குள் ஒரு மூலைக்கு நகர்வார்கள். நானும் ஒரு காலத்தில் பெட்டியோடு வந்து சேர்ந்த மருமகன்தான். என் மாமனார் எனக்காக மூலைக்கு நகர்ந்தபோது, இது எவ்வளவு நல்ல வழக்கம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

எனக்கு இரண்டு மகள்கள். மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு மூத்தவளுக்குப் போனது. அதே வளவில் நான் கட்டிய வீடு இளையவளுக்குப் போனது. எனக்கும் மனைவிக்கும் மிஞ்சியது இளையவள் வீட்டின் பின்பக்கத்தில், முன்பு நெல்மூட்டை அடுக்கிய அறை. நெல்லை அகற்றிவிட்டார்கள். எலிகளுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

எலிகளைக்கூடச் சமாளித்திருப்பேன். ஆனால் அந்த அறைக்கும் மருமகனின் அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு கல் சுவர். ஒரு நாள் காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது அவன் மெதுவாகக் கேட்டான்.

“மாமா, ராவையில ஆரோ பக்கத்து வளவில மரம் அரியிறானுகள் போல. உங்களுக்குக் கேக்கல்லயா?”

“ஓம் மகன், எனக்கும் கேட்டுது” என்றேன்.

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் தேத்தண்ணீர் ஆறிப்போனது. அரிவது யார் என்று அவளுக்குத் தெரியும். முப்பது வருடங்களுக்கு மேலாக அந்தக் குறட்டை வாளுக்குப் பக்கத்தில் படுப்பவள் அவள்.

அந்த மாதத்தில்தான் நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். என் வேலை வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் வாசிப்பது. மாவட்டத்தில் என்னைத் தெரியாத மனிதர்கள் உண்டு, நாய்கள் இல்லை. இத்தனை வீட்டு வாசல் மிதித்தவனுக்கு ஒரு வாசல் மிஞ்சாமல் போனதை யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், கல்குடாப் பக்கம் ஒரு பழைய வீட்டு வேன் விற்பனைக்கு நிற்கிறதென்று கேள்விப்பட்டேன்.

அதை வைத்திருந்தவர் வெள்ளைக்காரருக்கு அறை வாடகைக்குக் கொடுப்பவர். அவர்களை ஊர் சுற்ற அனுப்புவதற்காக எந்தக் காலத்திலோ வாங்கியது. சின்ன வேன்தான், ஆனால் உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில், ஒரு காஸ் அடுப்பு, கை கழுவத் தொட்டி, தண்ணீர்த் தாங்கி, மடித்து வைக்கும் மேசை எல்லாம் இருந்தன. ஆட்கள் வராத வருடங்களில் அதை மரமுந்திரிகை மரத்தின் கீழ் விட்டுவிட்டார். நான் கதவைத் திறந்தபோது கை கழுவும் தொட்டிக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. என்னை ஏறிட்டுப் பார்த்தது, எழும்பவில்லை. குடியிருந்த உரிமை அதற்கும் உண்டல்லவா.

வாங்குகிறவன் என்னென்ன பார்க்க வேண்டும்? எஞ்சின், பிரேக், அடித்தட்டு, துரு, டயர். நான் பார்த்தது உள்ளே இருந்த மின்சாரப் பெட்டியை. அது பிழையில்லாமல் இருந்தது. வயர்கள் அவ்வளவு ஒழுங்கு. அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன்.

“எஞ்சின் தங்கம் அண்ணன்” என்றார் அவர். “கூரைய மட்டும் மாரிக்கு முதல் ஒருக்காப் பாத்துக்கங்க.”

“கூரைக்கென்ன?”

“ஒண்டுமில்ல. பழசுதானே. சும்மா ஒருக்கா.”

விற்கிறவன் தானாகவே ‘சும்மா ஒருக்கா’ என்றால் வாங்குகிறவன் ஏணி கேட்க வேண்டும். நான் பேனா கேட்டேன்.

வேனை வளவுக்குள் கொண்டுவந்து நிறுத்தியதும் மனைவி அதை ஒரு முறை சுற்றி வந்தாள். டயரை மிதித்துப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இது வீடா, வாகனமா? முதல்ல அதச் செல்லுங்க.”

“ரெண்டும்தான்.”

“ரெண்டும் எண்டா ரெண்டும் இல்ல எண்டுதான் கருத்து.”

அடுத்த நாள் உள்ளே ஏறிக் கட்டிலில் இருந்து பார்த்தாள். யன்னலால் வேப்பமரமும், மரத்துக்கு அப்பால் வாவித் தண்ணீரும் தெரிந்தன. நெல்மூட்டை அறையில் யன்னலே கிடையாது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தன் தீர்ப்பைச் சொன்னாள்.

“சரி, இதுக்க வாறன். ஆனா ஒண்டு. மாரியில உள்ளுக்க ஒரு சொட்டு விழுந்தாலும் நான் மகள்ர வீட்டு அறைக்குப் போயிருவன். மறுகா வரமாட்டன். நீங்க இதுக்க நத்தை மாதிரித் தனியக் கிடங்க.”

இது வெருட்டு அல்ல என்று எனக்குத் தெரியும். அவள் ஓலைக் கூரைக்குக் கீழே பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் மாரி காலமெல்லாம் சட்டிக்கும் பாய்க்கும் நடுவில் ஒடுங்கிப் படுத்தவள். ஒழுக்குச் சத்தம் கேட்டால் இன்றும் அவளுக்கு நித்திரை வராது. அவளுடைய தகப்பன் கல்வீடு கட்டியதே அந்தச் சத்தத்தை நிறுத்தத்தான். ஆகவே எனக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு காரியம்: மாரிக்குள் கூரையைக் காப்பாற்றுவது. இல்லாவிட்டால் முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக இருந்த இருவரை ஒரு சொட்டுத் தண்ணீர் பிரித்துவிடும். அவள் அறையில், நான் வேனில். மருமகனுக்கு மட்டும் நல்ல நித்திரை.

வீடும் வாகனமும் ஒன்றாக இருந்ததால் குடிபுகும் நாளில் இரண்டுக்கும் உரிய சடங்குகளைச் செய்தோம். டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தோம். வாசலில் கும்பம் வைத்தோம். மனைவியின் தம்பி, என் மச்சான், மேற்பார்வைக்கு வந்திருந்தான்.

“மச்சான், வாசல் கிழக்குப் பாக்கோணும். இது வடக்கையெல்லோ பாத்து நிக்குது?”

ஊரில் வாசலைத் திருப்புவதற்காகச் சுவரை இடித்துக் கட்டியவர்கள் உண்டு. நான் ஏறி ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வாசல் கிழக்கைப் பார்த்தது. இப்படி ஒரு வசதி கட்டிய வீட்டில் கிடைக்குமா என்று மச்சானைக் கேட்டேன். அவன் கும்பத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் போன பக்கம் போனான்.

பால் காய்ச்சினோம். பால் பொங்க வேண்டும் என்றால் பொங்கத்தான் வேண்டும். பொங்கி அடுப்பின் ஓட்டைகளுக்குள் எல்லாம் இறங்கி நெருப்பை அணைத்தது. அடுத்து வந்த நாட்களில் நான் ஊசியும் கையுமாக அந்த அடுப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

மனைவிக்கு மனம் நிறையவில்லை. “வீடெண்டா தோரணம் கட்டோணும். தோரணம் இல்லாத வாசல் என்ன வாசல்?” என்றாள். மாவிலைத் தோரணம் தயாரானது. வேனில் கட்ட இடமில்லை. நான் மருமகனின் டிறில் மெசினை எடுத்து, கதவுக்கு மேலே இரண்டு பக்கமும் இரண்டு திருகாணி பூட்டிக் கட்டிக் கொடுத்தேன். ஆணித் தலை வெளியே தெரிவது வடிவில்லை என்று மனைவி இரண்டின் மேலும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அந்த இரண்டு பொட்டையும் புதுப்பிப்பது வழக்கமாகிவிட்டது. தோரணம் சருகாகி அவளுடைய கொண்டையில் உரசத் தொடங்கியதும் நானே எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். மீற்றர் வாசித்தவன் கண்ணுக்கு வேலையில்லாத ஆணி ஆகாது. வெள்ளிக்கிழமைப் பொட்டுகள் மட்டும் அதே இடத்தில் தொடர்ந்தன. சாமி காரியம், அதில் நான் கை வைப்பதில்லை.

முதல் மழை பருவம் தப்பி, சித்திரை மாதத்துப் பின்னேரம் ஒன்றில் இடி முழக்கத்தோடு வந்தது. மனைவி மகள் வீட்டில் இருந்தாள். நான் கட்டிலில் படுத்துக் கூரையில் விழும் மழையின் தாளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று பக்கத்தில் ஒரு சின்னச் சத்தம். அவளுடைய வெள்ளைத் தலகணியில் ஒரு சொட்டு. தண்ணீர் நிறத்தில் இல்லை. சிவப்பு.

சிவப்பு என்றால் துரு. துரு என்றால் கூரைக்குள் இருக்கும் இரும்புச் சட்டம். மழை விட்டதும் தலகணி உறையைக் கழற்றிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். அன்றிலிருந்து மழை பெய்த நாளெல்லாம் நான் தோய்க்கிற நாளானது.

“என்ன, இப்ப தலகணி உறையெல்லாம் நீங்களே தோய்க்கிறீங்க?” மனைவி கிணற்றடியில் வந்து நின்று கேட்டாள்.

“ரிட்டயராகின ஆள்தானே. உனக்கு ஒரு உதவி.”

“என்ர உறைய மட்டும் தோய்க்கிறீங்க. உங்கட உறையில கறி வெக்கலாம் போல எண்ணெய் கிடக்கு.”

பிறகு பராமரிப்பு என்ற பெயரில் நான் பட்ட பாடு தனிக்கதை. யன்னல் றப்பர்கள் எல்லாம் வெடித்துப்போயிருந்தன. ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். கடை முதலாளி அதைக் கையில் வாங்கி, மணந்து, வளைத்துப் பார்த்தார். அது அங்கேயே இரண்டாக முறிந்தது.

“இது என்ட வாப்பாட காலத்துச் சாமான் ஐயா. அச்சொட்டா இப்ப எங்க வரும்? ஆனா இதைத் தாறன். கலியாணம் மாதிரித்தான். பொருத்தம் கொஞ்சம் குறைவெண்டாலும் ஒட்டி வெச்சா நிண்டிரும்.”

ஒட்டி வைத்தேன். நின்றது. குழாய் குழாயாகச் சிலிக்கன் வாங்கிக் கூரையின் பொருத்து ஒவ்வொன்றிலும் இழுத்தேன். என் தலைமயிரிலும் இழுத்தேன். அந்தப் பகுதியைப் பார்பரிடம் கொடுத்து வெட்ட வேண்டி வந்தது. யன்னலைச் சுற்றி, விளக்கைச் சுற்றி, கதவைச் சுற்றிப் பூசினேன். கதவுக்கு மேலே மட்டும் இரண்டு பொட்டுகளையும் கெடுக்காமல், கோயில் மதிலுக்கு வெள்ளையடிக்கிறவனைப் போலப் பயபக்தியோடு விலகிப் பூசினேன். அடுத்த மழையிலும் அதே தலகணி, அதே சிவப்பு. முதலில் சிவப்பு, பிறகு தெளிந்த தண்ணீர்.

செங்கலடியில் ஒரு டிங்கர் பாஸிடம் வேனைக் கொண்டுபோனேன். வாகனத் தகடுகளை வெட்டி ஒட்டுவதில் அந்தப் பக்கத்தில் கெட்டிக்காரர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுக் கூரையைக் கையால் தட்டிப் பார்த்தார். வைத்தியர் நெஞ்சில் தட்டுவது போல இருந்தது.

“சிவப்பாத்தானே வருது?”

“ஓம் பாஸ்.”

“அப்ப உள்ளுக்க சட்டம் அழுகுது ஐயா. ஆளுக்கு வெளியால நல்ல நிறம். உள்ளுக்க சீனி வருத்தம்.”

எனக்கும் அதேதான் என்று சொல்லவில்லை. “என்ன செய்யலாம்?” என்று மட்டும் கேட்டேன்.

“கூரையக் கழட்டித்தான் பாக்கோணும்.”

“கழட்டினா திரும்பப் பூட்டலாமா?”

அவர் வேனை ஒரு முறை பார்த்தார். என்னை ஒரு முறை பார்த்தார். “பூட்டலாம்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பூட்ட ஏலுமெண்டா நல்லந்தான்” என்றார்.

கூரை இல்லாத வேனோடு மாரிக்கு முகம் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு வாறன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் வயல்வட்டையிலிருந்து ஏறி வந்த நெல் வெட்டும் மெசின் ஒன்று எங்கள் வேனை முந்திப் போனது. அதை ஓட்டியவன் கை காட்டினான். நானும் கை காட்டினேன். அவனுக்குக் கூரையே இல்லை, சிரித்துக்கொண்டு போகிறான்.

இதற்கிடையில் மனைவிக்கு வேன் பிடித்துப்போனது. அதுதான் என் துன்பத்தின் பெரிய பங்கு. யன்னலுக்குச் சீலை தைத்தாள். மிளகாய்த்தூள் போத்தல்கள் ஓடும்போது விழாமல் இருக்க றப்பர் வளையம் போட்டுக் கட்டினாள். அறுவடை முடிந்த வயல் ஓரமாக, வாவிக்கரையாக எங்காவது நிறுத்தி மீன் பொரித்துச் சாப்பிடுவோம். “இஞ்ச ஒருத்தரும் அம்மா அம்மா எண்டு கூப்பிடுறதுக்கில்ல” என்று சொல்லிக் காலை நீட்டிக்கொண்டு இருப்பாள். அந்த நேரத்தில் அவளைப் பார்க்க எனக்குச் சந்தோசமும் பயமும் சேர்ந்து வரும். மேலே அழுகிக்கொண்டிருக்கும் சட்டத்தை நினைத்துக்கொண்டு மீன் முள் பார்ப்பது சுலபமில்லை.

ஐப்பசி பிறந்தது. மாரி தொடங்குவதற்கு முன் மாங்கேணிக்குப் போய் நல்ல கருவாடு வாங்க வேண்டும் என்றாள். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது என்றேன். பிரேக்கில் ஒரு சத்தம் கேட்கிறது என்றேன். கருவாடு உப்புக் கூட என்றேன்.

“உங்களுக்கென்ன, இந்த வேனில மழைக்குப் போகப் பயமா?”

“சே, எனக்கென்ன பயம்?”

போனோம். கருவாடு வாங்கிக் கடற்கரைப் பக்கமாக வேனை நிறுத்தி, அவள் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்த நேரத்தில் மழை வந்தது. வந்தது என்று சொல்லக் கூடாது, மேலேயிருந்து யாரோ வாளி வாளியாகக் கொட்டினார்கள். கடலும் தெரியவில்லை, றோட்டும் தெரியவில்லை. நான் அவளுடைய தலகணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“என்ன, குளிருதா?” என்றாள்.

அந்த நேரம் பார்த்து, தலகணி இருந்த இடத்தில் சொட்டென்று விழுந்தது.

இருவரும் பார்த்தோம். இன்னொன்று விழுந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, சின்னச் சட்டி ஒன்றை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அந்தச் சட்டியை வைத்த விதத்தில் ஒரு பழக்கம் இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் பழக்கம். பகிடி எதுவும் வாயில் வரவில்லை. அப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் அருமை.

“சித்திரையிலயிருந்து ஒழுகுது” என்றேன். “சட்டம் துருப்பிடிச்சுப் போச்சாம். பாஸ் செல்லிட்டார். இனி ஒண்டும் செய்ய ஏலாது.”

அவள் சட்டிக்குள் குனிந்து பார்த்தாள். அடியில் சிவப்பாகக் கலங்கிக் கிடந்தது. விரலை வைத்துத் தொட்டாள். பெருவிரலோடு தேய்த்தாள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

“உங்கட பாஸுக்கு மூக்கில்லையா?”

“ஏன்?”

“துரு சந்தனம் மணக்குமா?”

விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மணந்தேன். கோயில் மணம்.

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். கூரையில் இருந்து வழியும் தண்ணீருக்குள் தலையை நீட்டி மேலே பார்த்தாள். மழை இரண்டு பொட்டையும் கழுவித் துடைத்திருந்தது. பொட்டு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். கூரையின் விளிம்பால் ஓடி வந்த தண்ணீர் இரண்டுக்குள்ளும் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. உள்தட்டின் வழியே ஓடி, சரிவான மூலையில் அவளுடைய தலகணிக்கு மேலே வந்து சொட்டியிருக்கிறது. அவள் வெள்ளிக்கு வெள்ளி அந்த ஓட்டைகளில் குங்குமம் நிரப்ப, மழை அதைக் கரைத்துக் கரைத்து உள்ளே அனுப்பியிருக்கிறது. சிலிக்கன் பூசும்போது வேனில் நான் விட்டு வைத்த இடம் அது மட்டும்தான்.

“இதில இருந்த ஆணி எங்க?” தலை நனைய நின்றுகொண்டு கேட்டாள்.

“கழட்டிட்டன்.”

“ஓட்டைய?”

“அதக் கழட்ட ஏலாதே.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மழைக்குள் பாதியும் வேனுக்குள் பாதியுமாக நின்று சிரித்தாள். எனக்கும் வந்தது. என் சிரிப்பில் பாதி அழுகை. சட்டம் அழுகவில்லை, கூரை கழற்ற வேண்டியதில்லை என்பது அப்போதுதான் காலிலிருந்து தலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. நெஞ்சில் இருந்த ஒரு மூட்டை நெல்லை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது.

சவர்க்காரக் கட்டியிலிருந்து இரண்டு துண்டு கிள்ளி, உருட்டி, இரண்டு ஓட்டையையும் அடைத்தாள். பிறகு இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்து சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே தேங்கியது வடிய நேரமெடுத்தது. சொட்டு. நீண்ட நேரம் கழித்து இன்னொன்று. அதன் பிறகு ஒன்றுமில்லை. வெளியே மழை ஊரையே அள்ளிக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

“ஒரு சொட்டு எண்டு செல்லியிருந்தாய்” என்றேன். கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் தீர்ப்புக் கேட்காமல் எனக்குத் தேத்தண்ணீர் இறங்காது.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தாள். “அது வேன்ர ஒழுக்கெண்டாத்தானே. இது என்ர தோரணத்தால வந்தது. கணக்கில வராது.”

அந்த நேரம் அவளுடைய கைபேசி அடித்தது. இளையவள்.

“அம்மா, இஞ்ச கடும் மழை. அங்க எப்படி? வேன் ஒழுகுதா? ஒழுகினா இப்பவே வாங்க, அறையக் கூட்டி வெச்சிரிக்கன்.”

மனைவி கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கட்டிலில் இருந்த சட்டியை எடுத்துக் கதவால் வெளியே ஊற்றினாள்.

“இல்ல மகள், இஞ்ச வறண்டுபோய்க் கிடக்கு” என்றாள். “அப்பா மட்டும்தான் கொஞ்சம் நனைஞ்சு போனார்.”

நான் நனையவே இல்லை. அதை இடையில் சொல்லப் போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அடுப்பை மூட்டினாள்.